திரவச் செம்பு, 1400 கெல்வின்: கியூ 1.8-இல் அகலம் ஏன் விழுகிறது?

உருகுகலன்:
உருகிய செம்பின் தன்விரவல் கெழுவை (அணுக்கள் தம்மிடையே எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதன் அளவு) நியூட்ரான் சிதறலில் எடுக்க வேண்டும். பறப்புநேர நிறமாலைமானி (நியூட்ரானின் பயண நேரத்திலிருந்து ஆற்றலை அளப்பது), அலைநீளம் 5 ஆங்ஸ்ட்ராம். அலுமினாக் குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவே 2 மி.மீ. செம்பு. வெற்றுக் கலத்தை அறைவெப்பத்தில் அளந்து அப்படியே கழித்தாயிற்று. கியூ (சிதறும்போது உந்தம் மாறும் அளவு, ஆங்ஸ்ட்ராம்⁻¹) 0.5-க்குக் கீழே, ஆற்றல் முகட்டின் அரை அகலத்தைக் கியூ²-ஆல் வகுத்தால் மாறிலியாக நிற்காமல் ஏறுகிறது. 1.8-இல் அகலம் பள்ளமாக விழுகிறது. இது டி ஜென் குறுக்கமா (கட்டமைப்புக் காரணியின் முகட்டில் அகலம் இயல்பாகவே சுருங்குவது)?

சிதறல்கோணம்:
இல்லை. அது செம்பின் கட்டமைப்புக் காரணியின் (அணுக்கள் அமைந்துள்ள விதத்தைக் காட்டும் வளைவு) முதல் முகட்டில், அதாவது 3-ஐ ஒட்டி வரவேண்டியது. 1.8-இல் தெரிவது உங்கள் அலுமினா. அதன் 012 படிகத் தளங்களின் இடைவெளி 3.48 ஆங்ஸ்ட்ராம், 2π-ஐ அதனால் வகுத்தால் 1.81. அந்தக் கூரான மீள் சிதறலையும் செம்பின் கணக்கில் சேர்த்துப் பொருத்துவதால்தான் அகலம் சுருங்குகிறது. உணரிகள் அவ்வளவு கோணம் போனால், 2.46 பக்கம் 104 முகடும் இருக்கும். கலத்தைக் கழித்தும் போகாததற்குக் காரணம் உண்டு: 1400 கெல்வினில் அலுமினா ஏறத்தாழ 0.9% விரிந்து, முகடு 1.79-க்கு நகர்ந்துவிடும். வெற்றுக் கலத்தையும் அதே சூட்டில்தான் அளக்க வேண்டும். செம்பு மறைக்கும் அளவுக்கு ஏற்ப 1-க்குக் குறைந்த காரணியால் பெருக்கிக் கழியுங்கள்.

அதைவிடச் சுலபம், 7 ஆங்ஸ்ட்ராமுக்கு மாறுவது. 2 × 3.48 = 6.96, அதைத் தாண்டினால் படிகத் தளங்கள் தரும் பிராக் சிதறலே இல்லை. (சூட்டில் இது 7.02 ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் முகடு 170 பாகையை ஒட்டி விழும். உணரிகள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை.) பிரிதிறன் அகலமும் (கருவியே சேர்க்கும் அகலம்) மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கற்றைச் செறிவு குறைவதால் அளவீட்டு நேரம்தான் கூடும்.

மெல்லியவளையம்:
0.5-க்குக் கீழே ஏறுவது பல்சிதறல் (ஒரே நியூட்ரான் பலமுறை சிதறுவது). ஒரு செம்பு அணுவின் முழுச் சிதறல் குறுக்குவெட்டு 8 பார்ன் (1 பார்ன் = 10⁻²⁴ செ.மீ.²), செ.மீ.³-க்கு 7.6 × 10²² அணுக்கள் என்று போட்டால், கற்றை கடக்கும் 4 மி.மீ. செம்பு 20 விழுக்காட்டுக்கு மேல் சிதறடிக்கும். செம்பு 0.6 மி.மீ. போதும்.

ஆனால் மேலே துண்டுகளைப் போட்டு உருக்கினால் அவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் இறங்காது. செம்பு அலுமினாவை நனைப்பதில்லை, பரப்பு இழுவிசையோ 1.3 நி/மீ. உள்ளே தள்ளவே 4 செ.மீ. உயர உலோகத்தின் எடை வேண்டும். 0.6 மி.மீ. சுவருள்ள வளையமாகக் கடைந்து முன்பே செருகிவிடுங்கள். 22 மி.மீ. விட்டத்துக்கு வெளிப்பக்கம் 0.3 மி.மீ. விடவேண்டும், செம்பு அலுமினாவைவிடக் கூடுதலாக விரியும், இறுக்கமாக இருந்தால் வெளிக்குழாய் பிளந்துவிடும். உருகியதும் மட்டம் கொஞ்சம் இறங்கும், கற்றையை அதற்குக் கீழே நிறுத்துங்கள். ஆக்சைடை முதலில் போக்குங்கள், அது அலுமினாவோடு வினைபுரியும். மூடியும் அவசியம், வெற்றிடத்தில் செம்பு ஆவியாகிக் கேடயத் தகடுகளில் படியும்.

உருகுகலன்:
நன்றி. ஒரு சந்தேகம்: செம்பின் ஒத்திசைவுக் குறுக்குவெட்டு (அணுக்களின் கூட்டு நகர்வைக் காட்டுவது) 7.5 பார்ன், ஒத்திசைவற்றது (தனி அணுவைக் காட்டுவது) 0.55 மட்டுமே. தனி அணுவின் நகர்வைத்தான் பார்க்கிறோம் என்று எப்படி நம்புவது?

சிதறல்கோணம்:
கியூ சிறிதாக இருக்கும்போது கட்டமைப்புக் காரணி சுமார் 0.02-க்கு இறங்கிவிடும், திரவத்தை அவ்வளவு எளிதில் அமுக்க முடியாதல்லவா. 7.5 × 0.02 = 0.15. ஆக, அங்கே முக்கால் பங்குக்கு மேல் ஒத்திசைவற்ற சிதறல்தான். 1.2-க்கு மேலே உள்ள புள்ளிகளைப் பொருத்தலில் சேர்க்காதீர்கள். விரவல் கெழு 3 × 10⁻⁹ மீ²/வி என்றால் 0.6-இல் அரை அகலம் 70 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் அளவில் வரவேண்டும். கருவியின் பிரிதிறனை அளக்க அதே வடிவ வனேடியம் வளையத்தைப் பயன்படுத்துங்கள்.

வெப்பச்சலனத்துக்குப் பயப்பட வேண்டாம். நுண்குழாய் முறையை (மெல்லிய குழாயில் வைத்து விரவலை அளப்பது) கெடுப்பது அதுதான், ஆனால் இங்கே பார்ப்பது பிக்கோ நொடிகளை. வினாடிக்கு 1 மி.மீ. ஓட்டம் 10 பிக்கோ நொடியில் 10⁻¹⁴ மீட்டர்தான் நகரும்.