கோஷர் கடைப்பிடிக்கும் பக்கத்து வீட்டாரை விருந்துக்கு அழைப்பது எப்படி?

கேள்வி: ராரிட்டன்கரை

நியூ ஜெர்சியில் ஹைலண்ட் பார்க்கில் குடியிருக்கிறோம். இந்த ஊரில் ஆசாரமான யூதக் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் கார் ஓசையைவிடக் காலடி ஓசைதான் அதிகம். ஓய்வுநாள் என்பதால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தொழுகைக்கு நடந்தே போவார்கள்.

பக்கத்து வீட்டாரும் அப்படித்தான். கோஷர் என்ற யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர்கள். என் இரண்டாவது பிரசவத்தின்போது ஊரிலிருந்து வரவேண்டிய அம்மாவுக்கு விசா தாமதமாகிவிட்டது. என் மூத்தவளை ஒன்பது நாட்கள் தன் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக அந்த வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டார். தினமும் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தக் கடன் மனத்தில் அப்படியே நிற்கிறது.

குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் அவர்களையும் அழைத்தேன். ஐந்து பேரும் வந்தார்கள். என் மாமியார் விடியற்காலை நான்கு மணிக்கே குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனவர். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நம் சமையலில் அவர்களுக்கு என்ன தடை வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம். அவர்கள் தட்டைத் தொடவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார்கள். காகிதக் கோப்பை கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தார்கள். இரண்டு மணி நேரம் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் போனார்கள். மாமியார் துடைத்து வைத்திருந்த ஐந்து எவர்சில்வர் தட்டுகளும் அப்படியே அலமாரிக்குத் திரும்பின. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

எனக்கு அவர்கள்மீது கோபம் இல்லை. எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சைவம் என்றால் ஏன் போதாது? என்ன செய்தால் அவர்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? நேரே கேட்டால் சங்கடப்படுவார்களா? மாமியாருக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்: வயக்காடு

என் மனம் உங்கள் மாமியார் பக்கம்தான் போகிறது. என் தாத்தா ஊர் டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவர். குடித்துவிட்டு அவரே கழுவித் திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். காகிதக் கோப்பை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் குவளைதான் கண்ணில் நின்றது. நான்கு மணிக்கு எழுந்து சமைத்த கையை மறுப்பது எந்தச் சமயத்தின் பெயரால் வந்தாலும் என்னால் ஏற்க முடியாது. அந்த அம்மாள் நல்லவர் என்பதில் சந்தேகமில்லை. பழத்தட்டு வையுங்கள், நட்பாக இருங்கள். அதற்குமேல் நீங்கள் இறங்கிப் போக வேண்டியதில்லை.

பதில்: வடலி

லண்டனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன் பகுதிகளிலிருந்து யூத நோயாளர் நிறையப் பேர் வருவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த பிழையைச் சொல்கிறேன், அக்கா.

கோஷர் சாப்பாடு இரட்டை உறையில் முத்திரை ஒட்டி வரும். ஒரு முதியவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கை நடுங்குகிற மனிதர் ஏன் உறையோடு போராட வேண்டும் என்று நானே இரண்டு உறைகளையும் பிரித்து, சூடாக்கி, வார்டுத் தட்டில் அழகாகப் பரிமாறிக் கொண்டுபோனேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மகளே, முத்திரை எங்கே?" என்றுதான் கேட்டார். நான் சொன்னதும் கையெடுத்து நன்றி சொல்லிவிட்டு, பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றார். அன்றைக்கு அவ்வளவுதான் அவருடைய சாப்பாடு. உறையோடு சூடாக்கி, முத்திரையை அவர் கண்ணால் பார்த்தபின் அவர் முன்னாலேயே பிரித்திருந்தால் சாப்பிட்டிருப்பார்.

ஆகவே கேட்பதற்குத் தயங்காதீர்கள். கேட்காமல் நாமாகச் செய்கிற உதவிதான் அவர்களைப் பட்டினி போடுகிறது. நான் கிறிஸ்தவள், லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்தவள். குளம்பு பிளந்து அசைபோடும் மிருகம், செதிலும் துடுப்பும் உள்ள மீன் என்று அந்தப் பட்டியல் எனக்குத் தெரியும். ஆனால் அதை இன்றைக்கும் ஒரு மனிதர் வலியோடு படுத்திருக்கும்போதுகூட விடாமல் பிடித்திருப்பார் என்பதை அந்தக் கட்டிலருகில்தான் தெரிந்துகொண்டேன்.

பதில்: தோசைக்கல்

தங்கச்சி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவில், கோஷர் சான்று பெற்ற தென்னிந்திய சைவ உணவகம் ஒன்றில் 11 ஆண்டுகள் தோசைக்கல்லின் முன் நின்றவன் நான். அந்த 11 ஆண்டில் ஒருநாள்கூட அந்த அடுப்பை நான் பற்றவைத்ததில்லை. மஷ்கியாக் என்ற மேற்பார்வையாளர் காலையில் வருவார். அவர் கையால் தீ ஏற்றினால்தான் எங்களுக்கு வேலை தொடங்கும்.

சைவம் ஏன் போதாது என்று கேட்டீர்கள். கொத்துமல்லிக் கட்டிலிருந்து தொடங்குகிறேன். பூச்சி எதையும் அவர்கள் உண்ணக்கூடாது, கண்ணுக்குத் தெரிகிற சிறு செடிப்பேன்கூட ஆகாது. எங்கள் மேற்பார்வையாளர் மல்லித்தழையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசுவார். அந்தத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து, துணியை விளக்குக்கு எதிரே விரித்துப் பிடித்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார். ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. கறிவேப்பிலையை இலை இலையாகத் திருப்புவார். காலிஃபிளவர் எங்களிடம் பாதி நாள் இருக்காது. சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்கிற நம் வீடுகளில் யாரும் கீரையை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அடுத்தது பாத்திரம். சூட்டில் பாத்திரம் சுவையை இழுத்துக்கொள்ளும், மறுமுறை சூடேறும்போது அதை வெளியே விடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கழுவுதொட்டி. உங்கள் குக்கரில் இறைச்சி வெந்திருக்காது, ஆனால் சான்றில்லாத சீஸ் உருகியிருக்கலாம். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைக் கொண்டு சீஸ் செய்வதும் உண்டு. வெங்காயம், பூண்டு போன்ற காரமான பொருள்களை நம் கத்தியால் நறுக்கினாலே போதும், சூடில்லாவிட்டாலும் கத்தியின் சுவை ஏறிவிடும் என்பார்கள். வாழைப்பழத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அன்று அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியதை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது தீ. யூதரல்லாதவர் மட்டுமே சமைத்த உணவு ஆகாது. யூதர் ஒருவர் அடுப்பையாவது பற்றவைக்க வேண்டும். ஸ்பெயின், அரபு நாட்டு வழி வந்தவர்கள் பலர் சட்டியையும் தாங்களே ஏற்றுவார்கள். இது ஏன் என்று மேற்பார்வையாளரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. உணவில் ஆகாதது கலந்துவிடும் என்ற பயம் பாதி, பிறரோடு நெருங்கிப் பழகிக் கலப்பு மணம் வந்துவிடும் என்ற பயம் பாதி என்றார்.

வயக்காடு தம்பி, உன் தாத்தாவின் குவளையை நீ இங்கே கொண்டுவந்தது சரி. அதை நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் குவளையை வைத்தவன் தன் வீட்டுத் தட்டில் உன் தாத்தாவுக்குச் சோறு போட்டானா? இந்த மேற்பார்வையாளர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தன் வீட்டுக்கு என்னை அழைத்தார். அவர்கள் சாப்பிடுகிற அதே பீங்கான் தட்டில், அவருடைய மகனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து மீனும் கோழி சூப்பும் சாப்பிட்டேன். ஒயின் புட்டியை மட்டும் ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். காய்ச்சாத ஒயினைப் பிறர் கையாண்டால் அது அவர்களுக்கு ஆகாது. அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கட்டியிருக்கிற கயிறு அவருடைய காலில்தான் இருக்கிறது. உன் தாத்தாவின் காலில் கட்டியவன் தான் சுதந்திரமாகத் திரிந்தான்.

இப்போது வழி சொல்கிறேன். உங்கள் வீட்டில் சமைக்க வேண்டாம், அவர்கள் வீட்டில் சமையுங்கள். தீயை அந்த அம்மாள் ஏற்றட்டும். அரிசி, துவரம்பருப்பு போன்றவற்றைப் பிரிக்காத பொட்டலமாகக் கொண்டுபோங்கள். பொடிகள், பெருங்காயம், எண்ணெய் எல்லாம் கோஷர் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்துப் போட்ட முத்திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குமுன் படம் எடுத்து அவருக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள். நெய் வேண்டாம். கடைப் பால் போதும் என்பவர்களும் உண்டு, யூதர் கண்காணிப்பில் கறந்த பால்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு. பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினால் அந்தக் கேள்வியே வராது, அது பாலும் அல்ல, இறைச்சியும் அல்ல. கொச்சி யூதர்கள் இறைச்சிக் குழம்புக்கே தேங்காய்ப்பால்தான் ஊற்றுவார்கள். தட்டுக்குப் பதில் வாழை இலை.

சட்டியைப் பற்றியும் ஒன்று. ஓக் ட்ரீ சாலையில் உள்ள நம் ஊர்க் கடைகளில் புது எவர்சில்வர் சட்டி இரண்டு வாங்கி அவருக்கே பரிசாகக் கொடுங்கள். நாம் கொடுக்கும் புது உலோகப் பாத்திரத்தை அவர்கள் முதலில் சடங்கு நீர்த்தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். அதனால் சமைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள்.

பதில்: வயக்காடு

அண்ணா, காலில் கட்டிய கயிறு என்று நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். குவளையும் கோப்பையும் ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஒயின் புட்டியை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பதில்: ராரிட்டன்கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நேரே கேட்டேன். அந்த அம்மாள் சங்கடப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்று உங்கள் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்" என்றார். அதை மாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நான் எதிர்பாராத தடை எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. இறைச்சி வேகிற வீட்டில் சமைத்ததை மாமியார் எப்படிச் சாப்பிடுவார்? பால் பாத்திரங்களில் ஒருநாளும் இறைச்சி பட்டதில்லை என்று அந்த அம்மாள் உறுதியாகச் சொன்னார். ஆனால் மீனும் முட்டையும் அவற்றில் சமைத்ததுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் தோசைக்கல் அண்ணா சொன்ன புதுச் சட்டிகள்தான் இரண்டு பேரையும் காப்பாற்றின. அவருக்கு நீரில் அமிழ்த்தியாயிற்று, மாமியாருக்கு எதுவும் படாத பாத்திரமாயிற்று. நான் பழக்க தோஷத்தில் எங்கள் வீட்டுக் கரண்டியையும் எடுத்துப் போயிருந்தேன். அது கடைசிவரை பையைவிட்டு வெளியே வரவில்லை. மரக்கரண்டி புதிதாக ஒன்று பிரித்தார்கள்.

ஞாயிறு மாலை அவர் அடுப்பைத் திருகினார், மாமியார் கடுகு போட்டார். கடுகு வெடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து நின்றுகொண்டார்கள். கறிவேப்பிலையை இலை இலையாக வெளிச்சத்தில் பார்க்கும் வேலையை அந்த அம்மாளும் மாமியாரும் சேர்ந்து செய்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. மாமியார் ஒரு இலையை நீட்டி இது ஆகாது என்று தலையை ஆட்ட, அவர் வாங்கிப் பார்த்து ஆமாம் என்று ஒதுக்கினார்.

சாப்பிடும் முன் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "கோபமா?" என்று மாமியார் என் காதில் கேட்டார். இடையில் பேசக்கூடாது என்பது வழக்கமாம். அதற்குப் பிறகு இலையில் எலுமிச்சைச் சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், பாயசம். அந்த வீட்டுப் பையன் மூன்று முறை சாம்பார் கேட்டான். மாமியாரும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சட்டிகள் இரண்டும் இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில் தனி அடுக்கில் இருக்கின்றன. மூடியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் மாமியாரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஆனால் பஸ்கா என்ற அவர்கள் பண்டிகை வாரத்தில் மட்டும் இவற்றைத் தொடமாட்டேன் என்றார். அது ஏன் அண்ணா?

பதில்: தோசைக்கல்

சாம்பாரில் போட்ட பெருங்காயம்தான் காரணமாக இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பஸ்காவின் எட்டு நாளும் தண்ணீர் பட்டுப் புளித்த கோதுமை வீட்டிலேயே இருக்கக்கூடாது, அது வெந்த சட்டியும் ஆகாது. அவர்கள் ஐரோப்பிய வழி யூதர்களாக இருந்தால் அந்த வாரம் பருப்பும் அரிசியும்கூடப் பெரும்பாலும் சாப்பிடமாட்டார்கள். அதனால் அந்த எட்டு நாளும் சமையலை விட்டுவிடுங்கள். தோல் உரிக்காத ஆரஞ்சு ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு.