புதுப்பிப்பு: டாக்கரில் வேர்ட்பிரஸ், டேட்டாபேஸ் பிழை தீர்ந்தது

லோக்கலில் (சொந்தக் கணினியில்) டாக்கர் கம்போஸ் (பல கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி ஏற்றும் கருவி) வழியாக வேர்ட்பிரஸ் ஏற்றும்போது டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வருவதாகக் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஹோஸ்ட் பெயரை மாற்றச் சொன்ன யோசனைதான். வேர்ட்பிரஸ் கன்டெய்னருக்குள் (அது தனியாக ஓடும் பெட்டி போன்ற சூழலுக்குள்) 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அதே கன்டெய்னர்தான். டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் அங்கே இல்லை. கம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு வைத்த பெயரையே ஹோஸ்டாகக் கொடுக்க வேண்டும். வெளியே 3307 என்று மேப் செய்திருந்தாலும் உள்ளே போர்ட் 3306தான்.

எதிர்பாராதது: அதன் பிறகும் லாகில் 'அனுமதி மறுப்பு'. ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பலிக்காது; டேட்டா வால்யூம் (டேட்டாபேஸின் தரவு சேமிக்கப்படும் இடம்) காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே மைஎஸ்கியூஎல் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) அதை எடுத்துக்கொள்ளும். வால்யூமையும் சேர்த்து அழித்து மறுபடி ஏற்றியதும் இன்ஸ்டால் பக்கம் வந்துவிட்டது. தளத்தில் ஏற்கெனவே பதிவுகள் இருந்தால் முதலில் டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுங்கள். அழித்தால் போனது போனதுதான்.