‘இருநிறமை’க்குப் பதிலாகப் ‘புரிவேற்றுமை’

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எதிர்மின்னி (எலெக்ட்ரான்) நுண்ணோக்கியைக் கொண்டு பொருளின் காந்தத்தன்மையை அளக்கும் முறைக்கு, கோலாலம்பூர் ஐயா முன்வைத்த ‘எதிர்மின்னிக் காந்த வட்ட இருநிறமை’ என்ற பெயரை நான்கு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்புதான். ஆனால், ‘dichroism’ என்ற மூலச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் நிறம் இடறுகிறது. டூர்மலின் போன்ற படிகத்தை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறித் தெரியும். அந்தக் காட்சிக்கு இட்ட பெயர், பின்னர் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை அதிரும் விதத்தைப் பொறுத்து உறிஞ்சல் மாறுபடும் எல்லா இடங்களுக்கும் பரவிவிட்டது. நாம் பேசும் அளவீட்டில் நிறத்துக்கு வேலையே இல்லை.

மெல்லிய இரும்புப் படலத்தின் ஊடே 200 அல்லது 300 கிலோவோல்ட்டில் முடுக்கிய எதிர்மின்னிகளைச் செலுத்தும்போது, அவற்றுள் சில, இரும்பணுவின் உட்கூட்டிலிருக்கும் எதிர்மின்னியை மேலே தள்ளிவிட்டு, ஏறத்தாழ 708, 721 எலெக்ட்ரான்வோல்ட் அளவில் ஆற்றலை இழக்கின்றன. படிகத்தைத் தக்கவாறு சாய்த்து, அது எதிர்மின்னிகளைச் சிதறடித்து உண்டாக்கும் விளிம்பு விளைவு உருவில் சமச்சீரான இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தால், வலமாகச் சுழலும் ஒளி அணுவிடம் செய்யும் வேலையை ஓரிடத்து எதிர்மின்னிகளும், இடமாகச் சுழலும் ஒளியின் வேலையை மற்றோரிடத்து எதிர்மின்னிகளும் செய்கின்றன. இரண்டு இடங்களின் ஆற்றலிழப்பு நிறமாலைகளில் (எவ்வளவு ஆற்றலை எத்தனை எதிர்மின்னிகள் இழந்தன என்று காட்டும் வரைபடங்களில்) ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், முதல் முகட்டில் மேலேயும் இரண்டாம் முகட்டில் கீழேயுமாக ஒரு சிறு மிச்சம் நிற்கும். காந்தமற்ற பொருளில் அது நிற்காது. 2003இல் கருத்தாக முன்வைக்கப்பட்டு, 2006இல் வியன்னா குழுவினர் செய்துகாட்டிய முறை இது. அதற்குமுன் இத்தகைய அளவீட்டுக்கு எதிர்மின்னிகளை வளையத்தில் சுழற்றி ஊடுகதிர் (எக்ஸ்-கதிர்) தரும் சின்க்ரோட்ரான் கூடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

‘நிறமாலையிலும் நிறம் இருக்கிறதே, அதை மட்டும் ஏற்கலாமா?’ என்று ஐயா கேட்பார். நிறமாலை பாடநூல்களில் வேரூன்றிய சொல், பிடுங்க முடியாது. ஆனால் நிறமாலையோடு இருநிறமும் சேர்ந்தால், மாணவர் வரைபடத்தில் மெய்யாகவே வண்ணம் தேடுவார்.

போன ஞாயிறு ஜார்ஜ்டவுன் லெபோ பசாரில் பூசைப்பொருள் கடையொன்றில், இடம்புரிச் சங்கு குவியலாகக் கிடக்க, வலம்புரி ஒன்றை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சுண்ணாம்பும் வடிவும் ஒன்றே. திருகும் திசைதான் வேறு. நமக்கு வேண்டிய சொல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ‘புரி’ என்றால் முறுக்கு. கயிற்றுக்கும் முப்புரி நூலுக்கும் ஆகும் சொல். ஆகவே ‘எதிர்மின்னிக் காந்தப் புரிவேற்றுமை’ என்று வைக்கலாம். திருகலைப் புரியே சொல்லிவிடுவதால் ‘வட்ட’ தேவையில்லை. சின்க்ரோட்ரான் முறைக்கு ‘ஊடுகதிர்க் காந்தப் புரிவேற்றுமை’ தானாகவே அமைகிறது. இந்த இணைப்பொருத்தமே எனக்குப் பெரிய காரணம்.

வேற்றுமை என்றதும் உருபுகள் நினைவுக்கு வரும் என்பது மெய்தான்; அறிவியல் கட்டுரையில் அந்த மயக்கம் நேராது. எதிர்மின்னி நுண்ணோக்கியாலேயே காந்தத்தைப் பார்க்கும் வேறொரு முறையான லாரன்ஸ் நுண்ணோக்கியியலை இப்பெயருக்குள் அடக்க வேண்டாம். அங்கே காந்தப்புலத்தால் கற்றை விலகுவதைப் பார்க்கிறோம், ஆற்றலிழப்பைக் கணக்கிடுவதில்லை.

பெயரின் முதற்பகுதியில் எதிர்மின்னியா, இலத்திரனா, எலெக்ட்ரானா என்பதை அவரவர் நாட்டு வழக்குக்கு விட்டுவிடலாம். வரைபடத்தின் இரு கோடுகளையும் வலம்புரிக் கோடு, இடம்புரிக் கோடு என்று குறிக்க எண்ணுகிறேன். ஆனால், கற்றை வரும் பக்கம் பார்த்து வலம் சொல்வதா, போகும் பக்கம் பார்த்துச் சொல்வதா? ஒளியியலிலேயே இரண்டு வழக்கமும் உண்டு. இதை நிறுத்திய பிறகே சொல்லைப் பட்டியலில் ஏற்றலாம். ஐயாவின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து