ஆர்எக்ஸ் 100: க்ளட்ச் பக்க கிராங்க் சீல் மாற்ற இன்ஜினைப் பிரிக்கணுமா, வேண்டாமா?

மன்னார்குடி_வயல்:
அப்பா வாங்கிய 1994 யமஹா ஆர்எக்ஸ் 100, டூ-ஸ்ட்ரோக் பைக். கொஞ்ச நாளாக வெள்ளைப் புகை, இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, ஆனால் கியர் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. நாலாவது கியரில் முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. க்ளட்ச் பிளேட்டும் கிராங்க் ஆயில் சீலும் (கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்கிறார்கள். இன்ஜினை முழுசாகப் பிரித்தால்தான் ஆகுமா? சம்பா நடவு நேரம், வண்டி இல்லாமல் வயலுக்குப் போய்வர முடியாது.

கும்பகோணம்_டூஸ்ட்ரோக்:
பிரிக்கவே வேண்டாம் தம்பி. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸில் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் அறை) உறிஞ்சல் வரும், க்ளட்ச் பக்க சீல் கெட்டிருந்தால் அந்த உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே போய் எரிகிறது. அதனால்தான் வெளியே ஒழுகவில்லை. வலது கவரைக் கழற்றி, க்ளட்ச்சை எடுத்து, பிரைமரி கியரையும் எடுத்தால் சீல் கண்ணுக்கு முன்னால் இருக்கும், வெளியே இருந்தே நெம்பி எடுத்துவிடலாம். எப்படியும் க்ளட்ச்சைக் கழற்றப் போகிறீர்கள், பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புது பிளேட்டை முதல் நாள் ராத்திரியே கியர் ஆயிலில் ஊறப் போடுங்கள்.

திருவாரூர்_லேத்:
இந்த யோசனையோடு நான் ஒத்துப்போகவில்லை. சீல் ஏன் கெட்டது என்று யாருமே கேட்கவில்லையே? ரப்பர் வயசாகி இறுகிப்போயிருந்தால் சரி, புதுசு போட்டால் தீர்ந்தது. ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடிக்கொண்டிருந்தால் நீங்கள் போடும் புது சீலையும் அது சீக்கிரமே கிழித்துவிடும், அப்புறம் அடுத்த நடவுக்குள் இதே கவரை மறுபடி கழற்றிக்கொண்டு நிற்பீர்கள். 30 வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி இது. பிரித்து, பேரிங், இரண்டு பக்க சீல் எல்லாம் ஒரே வேலையாக முடிப்பதுதான் நியாயம்.

கும்பகோணம்_டூஸ்ட்ரோக்:
அண்ணே, பிரிப்பது என்று வாயால் சொல்வது சுலபம். பாதி ஒர்க்‌ஷாப்பில் கேஸைப் பிரிக்கும் கருவியே கிடையாது, சுத்தியலை எடுத்து ஷாஃப்ட் முனையில் தட்டுகிறார்கள். அதிலேயே கிராங்க் அலைன்மென்ட் போய்விடும். நல்லா இருந்த கிராங்க் அப்படிக் கெட்டு, வண்டி அதிர்கிறது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஷாஃப்ட் ஆடுகிறதா என்று பார்க்கப் பிரிக்கத் தேவையில்லை. ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் மேக்னட்டை (காந்தச் சக்கரம்) புல்லர் போட்டுக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கையே சொல்லும்.

பாபநாசம்_ஆர்எக்ஸ்:
முதலில் சீல்தானா என்று உறுதி செய்யுங்கள். டூ-டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில்) பம்ப் அதிகமாகத் தள்ளினாலும் புகை வரும், ஆனால் அப்போது குறைவது டூ-டி டாங்க், கியர் ஆயில் குறையாது. உங்களுக்கு கியர் ஆயில் குறைவதால் சீல் மேல்தான் சந்தேகம். அப்புறம், க்ளட்ச் வழுக்குவதற்கு ஆயிலும் காரணமாக இருக்கலாம். கார் இன்ஜின் ஆயில் மிச்சம் இருந்தது என்று யாராவது ஊற்றினார்களா? அதில் வழுக்கல் மருந்து கலந்திருந்தால் பிளேட் பிடிக்காது. கவரைக் கழற்றும்போது பம்ப் குழாயைக் கழற்றினால், திரும்ப மாட்டியதும் காற்றை எடுத்துவிடாமல் ஓட்டவே கூடாது, பிஸ்டன் பிடித்துவிடும்.

மன்னார்குடி_வயல்:
எல்லாருக்கும் நன்றி. கியர் ஆயில்தான் ஊற்றியிருக்கிறோம். இன்று இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தோம். ஷாஃப்ட் ஆடவில்லை. பழைய சீல் கல் மாதிரி இறுகியிருக்கிறது. சீல் உரசும் இடத்தில் மெல்லிய வரி ஒன்று விழுந்திருக்கிறது, நகம் வைத்தால் லேசாகத் தட்டுகிறது.

கும்பகோணம்_டூஸ்ட்ரோக்:
அதற்குப் பிரிக்க வேண்டியதில்லை. புது சீலை ஒரு மயிரிழை வெளியே நிறுத்தி உட்கார வையுங்கள், சீலின் உதடு (ஷாஃப்ட்டில் உரசும் உள்விளிம்பு) வரி இல்லாத இடத்தில் உரசும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு அடியுங்கள்.

திருவாரூர்_லேத்:
ஆடவில்லை என்றால் பேரிங் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் மாட்டிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். இன்லெட், சைலன்ஸர் வாய் இரண்டையும் அடைத்து, பிளக் ஓட்டை வழியாக 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று கொடுங்கள். பிரஷர் கேஜ் முள் அப்படியே நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். மேக்னட் பக்க சீலையும் இப்போதே மாற்றுங்கள், அதற்கும் அதே வயசுதான். அது கெட்டால் புகை காட்டிக் கொடுக்காது, காற்றை இழுத்துக்கொண்டு பெட்ரோல் கலவை மெலிந்து, பட்டுக்கோட்டை ரோட்டில் வேகமாகப் போகும்போது பிஸ்டனே உருகும்.

கும்பகோணம்_டூஸ்ட்ரோக்:
மேக்னட் பக்க சீலும் வெளியே இருந்தே மாற்றுவதுதான், மாற்றுங்கள். ஆனால் கேஸைப் பிரிக்க விடாதீர்கள்.

திருவாரூர்_லேத்:
6 பிஎஸ்ஐ நிற்காமல், குமிழி கேஸ் ஜாயின்டில் வந்தால் பிரித்தே ஆக வேண்டும். டெஸ்ட் பண்ணிவிட்டு இங்கே சொல்லுங்கள் தம்பி.