பகி சேஸிக்குப் பவுடர் கோட்டிங்: செவன் டேங்க் முறையா, சாண்ட் பிளாஸ்டிங்கா?

கேள்வி: மாணவர் அணித் தலைவர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டியோடு கலந்துகொள்ளும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்காக, எங்கள் கல்லூரி அணி கரடுமுரடான பாதையில் ஓடும் ஒற்றை இருக்கைப் பகி வண்டி ஒன்றைக் கட்டி வருகிறது. சேஸி, அதாவது வண்டியின் கூண்டு, முழுவதும் 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய். முதன்மை உறுப்புகள் 29.2 மி.மீ. விட்டமும் 1.65 மி.மீ. சுவர்த் தடிமனும் கொண்டவை, துணை உறுப்புகள் 25.4 மி.மீ. விட்டத்தில் அதைவிட மெல்லியவை. குழாய் இணைப்புகளை டிக் வெல்டிங்கிலும், பிராக்கெட்டுகளை மிக் வெல்டிங்கிலும் பற்றவைத்திருக்கிறோம்.

இப்போது பவுடர் கோட்டிங்கிற்கு, அதாவது மின்னேற்றிய பவுடரை அடித்து ஓவனில் உருக்கி இறுகவைக்கும் பூச்சுக்கு, கொடுக்கும் நிலையில் இரண்டு பட்டறைகளில் விசாரித்தோம். ஒருவர், எண்ணெயும் துருவும் நீக்கிப் பாஸ்பேட் படலம் ஏற்றும் தொட்டி வரிசையான செவன் டேங்கில் முக்கி எடுத்தால் போதும் என்கிறார். மற்றவர் சாண்ட் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசிப் பரப்பைச் சுத்தம் செய்வது) செய்யாமல் தொடவே மாட்டேன் என்கிறார். குழாய்களின் இரு முனைகளும் வெல்டிங்கால் மூடப்பட்டிருப்பதால், ஓவனில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெடித்துவிடுமோ, அதற்காக ஒவ்வொரு குழாயிலும் துளை போட வேண்டுமோ என்ற அச்சமும் அணியில் இருக்கிறது. எங்கெங்கே மாஸ்கிங் செய்ய வேண்டும், அதாவது பூச்சு படாமல் மறைக்க வேண்டும், என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துபவர்

தம்பி, முதலில் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். பவுடர் உருகி இறுகுவதற்கு உலோகம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடங்கள் அந்தச் சூட்டில் நிற்க வேண்டும். அறைச் சூட்டில் மூடப்பட்ட காற்று 200 டிகிரிக்குப் போகும்போது அதன் அழுத்தம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உங்கள் குழாய்க்கு அது ஒரு பொருட்டே அல்ல. குரோமோலியின் வலிமையும் இந்தச் சூட்டில் குறையாது. எனவே வெடிக்கும் என்று பயந்து கூண்டில் துளை போடாதீர்கள்.

உண்மையான ஆபத்து முழுதாக மூடிய குழாயில் இல்லை, மூடியதுபோல் தோன்றும் குழாயில்தான் இருக்கிறது. வெல்டிங் வரி முடியும் இடத்தில் சிறு பள்ளம் விழுந்து, அதன் நடுவே ஊசிமுனை அளவு ஓட்டை இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட சேஸியை டேங்கில் முக்கினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். எண்ணெய் நீக்கும் சூடான தொட்டியில் உள்காற்று விரிந்து அந்த ஓட்டை வழியே குமிழியாக வெளியேறும். அடுத்த குளிர்ந்த தொட்டியில் மீதிக் காற்று சுருங்கும்போது, வெளியே இருக்கும் நீரையோ அமிலத்தையோ குழாய் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஓவனில் அந்த நீர் கொதித்து, உருகிக்கொண்டிருக்கும் பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில் கொப்புளம் நிற்கும். உள்ளே தங்கிய அமிலமோ மெல்லிய சுவரை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். தகட்டுப் பெட்டிக்கும் கிரில் கதவுக்கும் செவன் டேங்க் மிக நல்ல முறை. குழாய்க் கூண்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிவிட்டு, குழாயின் நடுப்பகுதியை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை மெல்ல ஊதிக்கொண்டு எழும்பும். அந்த இடத்தில் குறியிட்டு, துடைத்துக் காயவைத்து, மீண்டும் டிக் வெல்டிங் வைத்து மூடிவிடுங்கள். புட்டியால் அடைக்கும் எண்ணமே வேண்டாம். சாதாரண பாலியெஸ்டர் புட்டி ஓவன் சூட்டைத் தாங்காது, மின்னேற்றமுள்ள பவுடரையும் ஒழுங்காக ஈர்க்காது.

சாண்ட் பிளாஸ்டிங்கிற்கு முன்பே எண்ணெயை நீக்கியாக வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழாய் ஆலையிலிருந்து வரும்போதே அதன் மேல் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். அதன் மேலேயே மணலை வீசினால் எண்ணெய் புதிய பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு ஏறாத வரை துடைத்துக்கொண்டே இருங்கள். ஸ்பாட்டர் (வெல்டிங்கில் தெறிக்கும் உலோகத் துளிகள்) ஒட்டாமலிருக்கச் சிலிகான் கலந்த ஸ்பிரே அடித்திருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும், ஏனெனில் சிலிகான் தங்கிய இடத்தில் பவுடர் விலகி வட்ட வட்டமாகப் பள்ளம் விழும். மிக் வெல்டிங்கின் மேல் பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் படிந்திருக்கும் சிலிக்கேட் துணுக்குகளையும் சிற்றுளியால் தட்டி எடுத்துவிடுங்கள். பவுடர் அவற்றின் மேல் ஒட்டியதுபோல் தெரியும். காட்டில் முதல் ஓட்டத்திலேயே அவற்றோடு சேர்ந்து உதிர்ந்துவிடும்.

பிளாஸ்டிங்கிற்கு அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட் பயன்படுத்தும் பட்டறையைத் தேடுங்கள். ஆற்றுமணலை வீசினால் அந்தத் தூசி வேலை செய்பவரின் நுரையீரலைச் சிலிகோசிஸ் நோயால் அழித்துவிடும். அது நம் வேலைக்காக இன்னொருவர் கொடுக்கக் கூடாத விலை. வெண்மை கலந்த சமமான சாம்பல் பரப்பு கிடைத்தபின், அதாவது பட்டறையில் எஸ்ஏ இரண்டரை என்று சொல்லும் தரம் வந்தபின், வெறுங்கையால் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் துரு பூக்கும் என்பதால் பிளாஸ்டிங்கும் கோட்டிங்கும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே வளாகத்தில் நடக்க வேண்டும். செவன் டேங்கில் கிடைக்கும் பாஸ்பேட் படலம் இல்லாத குறையைத் துத்தநாகம் செறிந்த எப்பாக்ஸி பிரைமர் பவுடர் ஈடுசெய்யும். மேற்பூச்சு பாலியெஸ்டராக இருக்கட்டும். எப்பாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாகிவிடும்.

பதில்: முன்னாள் பாஹா போட்டியாளர்

மேலே அண்ணன் சொன்னதோடு தொழில்நுட்பப் பரிசோதனை தொடர்பாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். வெல்டிங் வரிகளைக் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்காதீர்கள். அழகுக்காகத் தேய்க்கும்போது இணைப்பின் வலிமையையே தேய்க்கிறோம். பரிசோதகருக்கும் அது சந்தேகத்தைத் தரும். சுவர்த் தடிமனைக் காட்டும் பரிசோதனைத் துளைகளை இந்த ஆண்டு விதிப்புத்தகம் எங்கே, எந்த அளவில் கேட்கிறது என்று பார்த்து, அவை இருந்தால் அவற்றை அடைத்து மாஸ்க் செய்துகொள்ளுங்கள்.

கோட்டிங்கிற்கு முன் டை பெனட்ரன்ட் சோதனையை (விரிசலுக்குள் சாயத்தை இறங்கவைத்து அதைக் கண்டுபிடிக்கும் முறை) எல்லாச் சந்திப்புகளிலும் செய்துவிடுங்கள், ஏனெனில் பவுடர் ஏறிய பிறகு மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பவுடர் படலம் ஓரளவு வளைந்துகொடுத்து விரிசலை மூடியே வைத்திருக்கும். சோதனைச் சாயத்தை முழுதாகக் கழுவிய பிறகே பிளாஸ்டிங். இதே காரணத்தால் நிறம் வெளிர் நிறமாக இருப்பது நல்லது. வெளிர் சாம்பலிலோ வெள்ளையிலோ விரிசல் விழுந்தால் துருக்கோடு எட்டிப் பார்க்கும், கறுப்பில் அது ஒளிந்துகொள்ளும். அணியினர் மேட் பிளாக் கேட்பார்கள். நீங்கள் இணங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. செவன் டேங்க் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். மாஸ்கிங் பற்றி மட்டும் இன்னும் தெளிவு தேவைப்படுகிறது. போல்ட் துளைகளை அடைத்தால் போதுமா, பிராக்கெட்டின் முகப்பையும் மறைக்க வேண்டுமா?

பதில்: மெஷின் ஷாப் நடத்துபவர்

முகப்பையும் மறைக்க வேண்டும், அதுவே முக்கியமும்கூட. 60 முதல் 80 மைக்ரான் பூச்சு துளையின் விட்டத்தை 0.12 முதல் 0.16 மி.மீ. வரை குறைக்கும், அதைத் துளைக்கருவியால் சரிசெய்துவிடலாம். ஆனால் சஸ்பென்ஷன் பிராக்கெட்டிலும் எஞ்சின் மவுண்டிலும் போல்டின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே பூச்சு சிக்கிக்கொண்டால், ஓட்ட ஓட்ட அது நசுங்கி மெலியும். நீங்கள் முறுக்கிவைத்த இறுக்கம் அந்த அளவுக்குக் குறைந்து, போல்ட் தளரும். வாஷர் அமரும் வட்டத்துக்குச் சமமாகப் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப்பை வெட்டி இருபுறமும் ஒட்டுங்கள். சாதாரண மாஸ்கிங் டேப் ஓவனில் கருகிப் பசையை விட்டுச்செல்லும். வெல்டு நட்டுகளுக்குச் சிலிகான் பிளக் போடுங்கள். பேட்டரி எர்த் இணையும் இடத்தையும் மறந்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் எஞ்சின், கியர்பாக்ஸ், ஏ-ஆர்ம், இருக்கை, சீட் பெல்ட் என்று முழு வண்டியையும் வெறும் சேஸியில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றுங்கள்; ரப்பர் புஷ், நைலான், பேரிங், ராட் எண்டு எதுவும் சேஸியில் இருக்கக் கூடாது. மாஸ்கிங் செய்ய வேண்டிய இடங்களைப் புகைப்படத்தில் வட்டமிட்டு, அச்செடுத்துப் பட்டறையில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஷிப்டு மாறும்போது மறந்துபோகும்.

பதில்: பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துபவர்

ஒன்றே ஒன்று விடுபட்டுவிட்டது. சேஸியை ஏற்றிச் செல்வதற்கு முன் ஓவன் கதவின் உள்ளளவை எடுத்து, தொங்கவிடும் கொக்கியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கொக்கி மாட்டும் இடம் எப்படியும் பூச்சு தேவைப்படாத முகப்பாக இருந்தால் எர்த் நன்றாகக் கிடைக்கும். நான்கைந்து குழாய்கள் ஒரே புள்ளியில் கூடும் மூலைகளில் பவுடர் உள்ளே போகாமல் திரும்பிவிடும் என்பதால், மின்னழுத்தத்தைக் குறைத்து அந்த மூலைகளை முதலில் அடிக்கும்படி பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள். ஓவனில் போகும் முன் கையில் டார்ச் எடுத்து நீங்களே ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். அதுவரை விட்டுப்போன இடத்தில் இன்னும் கொஞ்சம் பவுடர் அடிப்பது ஒரு நிமிட வேலைதான்.