இமாச்சல் கஞ்சா விதித் திருத்தம்: 0.3 சதவீதம் நிற்குமா?

சோலன்வாசி:
"இமாச்சலில் கஞ்சாவைத் திறந்துவிட்டார்கள், இனி வீட்டுக்கு வீடு போதைதான்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2023-ல் வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் கஞ்சா சாகுபடியை ஆராயக் குழு போட்டார்கள். அதன் அறிக்கையை 2024 செப்டம்பரில் சட்டமன்றம் ஏற்றது. 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்கள் சோதனை ஆய்வு செய்ய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டும். போதை ஏற்றும் பொருளான டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடியைப் பற்றித்தான் பேச்சு. 0.3-ல் யாருக்கு ஐயா போதை ஏறும்?

தேனிக்காரன்:
அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். 0.3 என்று அரசாணையில் எழுதினால் செடிக்குத் தெரியுமா? உங்கள் இமாச்சலின் குல்லு, மலானா பக்கம் வேலியோரத்தில் தானாக முளைக்கும் செடி சரஸ் என்ற கஞ்சாப் பிசினுக்குப் பேர்போனது. அதன் மகரந்தம் காற்றில் பறந்து உங்கள் உரிமம் பெற்ற வயலில் விழும். அந்த வயலில் எடுத்த விதையை அடுத்த வருஷம் விதைத்தால் 0.3 நிற்குமா?

வக்கீல் மாமா:
1985 போதைப்பொருள் சட்டம் 10-ஆம் பிரிவில் சாகுபடியை அனுமதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கிறது. நார், விதைக்கான சாகுபடியை 14-ஆம் பிரிவு பார்த்துக்கொள்கிறது. இந்த 0.3 அந்தச் சட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது? சோலன்வாசி காட்டட்டும்.

சோலன்வாசி:
சட்டத்தில் இல்லாவிட்டால் விதியில் வரும். உத்தராகண்ட் 2018-லேயே உரிமம் கொடுத்தது, அங்கேயும் 0.3. அமெரிக்காவின் 2018 பண்ணைச் சட்டத்தில் 0.3. ஐரோப்பாவும் 0.2-லிருந்து 0.3-க்கு வந்துவிட்டது. உலகமே ஏற்ற எண் உங்களுக்கு மட்டும் உறுத்துகிறது.

வக்கீல் மாமா:
உலகம் ஏற்றதா? சுவிட்சர்லாந்தில் 1 சதவீதம். அந்த 0.3-ஏ 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்கிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் செடிகளை வகை பிரிக்கப் போட்ட கோடு. போதை இங்கே தொடங்குகிறது என்று அவர்கள் சொல்லவில்லை.

நர்ஸ் கலா:
மருந்து, மருந்து என்கிறீர்களே, எந்த மருந்து? கீமோ வாந்திக்கு வெளிநாட்டில் தரும் ட்ரோனபினால் என்பதே டிஹெச்சிதான். வாந்தி நிற்காமல் நோயாளி ஒரு வாய்த் தண்ணீரைக்கூட உள்ளே வைக்க முடியாமல் கிடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவள் நான். 0.3 செடியை வைத்து அவர்களுக்கு என்ன செய்வீர்கள்?

சோலன்வாசி:
சிஸ்டர், ட்ரோனபினாலை ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள், அதற்குச் செடியே வேண்டாம். குழந்தைகளின் கடுமையான வலிப்புக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதித்த எபிடியோலெக்ஸ் மருந்தில் இருப்பது சிபிடி, இதே செடியில் இருக்கும், போதை ஏற்றாத பொருள். 0.3 செடியில் அது தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். குல்லுவில் இந்தச் செடியின் நாரைப் பின்னிப் பூலா என்று செருப்பு செய்கிறார்கள். தோல் செருப்பு கூடாத கோயிலுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் செடியோடு வாழும் ஜனங்களுக்கு தேனியில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுக்க வேண்டாம்.

தேனிக்காரன்:
செருப்புக் கதை எதற்கு? கேட்டது 0.3. சிபிடி எண்ணெய் வடிக்கும்போது டிஹெச்சியும் கூடவே வடியும். பிரித்தெடுத்ததை யார் எடை போடுவார், எந்த அறையில் பூட்டி வைப்பார்? கம்பம் மலையடிவாரத்தில் கஞ்சா வழக்கில் பையன்கள் சிறைக்குப் போனதைப் பார்த்த ஊர்க்காரன் கேட்கிறேன்.

சோலன்வாசி:
தம்பி, பிரித்து எடுப்பது மருந்துத் தொழிற்சாலையின் அன்றாட வேலை. இங்கே பத்தி (Baddi) ஊரில் அதே தொழிலில் இருக்கிறேன். அபினைப் பாருங்கள். குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பணியகம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிக்கு உரிமம் கொடுக்கிறது. நீமச், காஸிப்பூர் ஆலைகளில் பிரிக்கிறார்கள். நாடு முழுகிவிட்டதா?

தேனிக்காரன்:
தம்பி என்று கூப்பிடும் வேலை வேண்டாம். எனக்குப் பேரன் இருக்கிறான். முன்பு நடந்த அபின் விவாதத்திலும் இப்படித்தான், உரிமம் பெற்ற வயலிலிருந்தே கள்ளச் சந்தைக்குப் போகிறதே என்று கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் நழுவினீர்கள். அது மறக்கவில்லை.

சோலன்வாசி:
நழுவவில்லை, ரயிலில் இருந்தேன், சிக்னல் இல்லை. அன்றே சொன்னேன்.

வக்கீல் மாமா:
ரயில் இருக்கட்டும். 0.3 எந்த வரியில்?

நர்ஸ் கலா:
சரி, 0.3 என்றே வைத்துக்கொள்வோம். அறுவடைக்கு முன் சோதனையில் 0.4 வந்தால் பயிரை அழிக்கச் சொல்வார்கள். மலைச்சரிவில் துண்டு நிலம் வைத்திருப்பவர் கடன் வாங்கி விதைத்திருப்பார். அந்த நஷ்டம் யார் தலையில்?

சோலன்வாசி:
அதற்குத்தான் இரண்டு பல்கலைக்கழகங்களிடம் ஆய்வைக் கொடுத்திருக்கிறார்கள். மலைக்கு ஏற்ற, 0.3 தாண்டாத விதையைக் கண்டுபிடிப்பார்கள். ஆப்பிளையும் தக்காளியையும் குரங்கு தின்றுவிட்டுப் போகிறது என்று இங்கே எத்தனை பேர் நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? அவர்களுக்கு ஒரு வழி பிறந்தால் உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?

தேனிக்காரன்:
மகரந்தத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சோலன்வாசி:
சொல்லிவிட்டேன், மேலே போய்ப் படியுங்கள். 0.3. மறுபடியும் எழுதுகிறேன்.

வக்கீல் மாமா:
முப்பது தடவை எழுதுங்கள். பிரிவு எண் கேட்டேன், இன்னும் வரவில்லை.