நிறையும் முடுக்கமும் தெரிந்தும் விசை தவறாக வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். கிடைத்தளத்தில் 400 கிராம் நிறையுள்ள சிறு வண்டி 2.5 மீ/வி² முடுக்கம் பெறுகிறது. நிறையை முடுக்கத்தால் பெருக்கி, விசை 1000 நியூட்டன் என்று எழுதினேன். விடைப்பகுதியிலோ 1 நியூட்டன் என்றிருக்கிறது. செய்முறையில் அதே முடுக்கத்துடன் இழுத்தபோது சுருள்வில் தராசு 1.3 நியூட்டன் காட்டியது. இவற்றில் எது சரி?

பதில் 1:
பெருக்கல் சரிதான், அலகில்தான் பிழை. 1 கிலோகிராம் நிறைக்கு 1 மீ/வி² முடுக்கம் தரும் விசையையே 1 நியூட்டன் என்கிறோம் என்பதால், கிராமை முதலில் கிலோகிராமாக மாற்ற வேண்டும்: 0.4 × 2.5 = 1 நியூட்டன். 1000 நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோகிராம் பொருளின் எடை. இவ்வளவு சிறிய வண்டிக்கு அது பொருந்துமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும்.

பதில் 2:
தராசு காட்டியதும் சரியே. சூத்திரத்தில் வருவது நிகர விசை, நீங்கள் 1.3 நியூட்டன் விசையால் முன்னே இழுக்கும்போது உராய்வு 0.3 நியூட்டன் அளவுக்கு எதிர்ப்பதால், முடுக்கத்திற்கு எஞ்சுவது 1 நியூட்டன் மட்டுமே. இதை நீங்களே சோதிக்கலாம். வண்டியைச் சீரான வேகத்தில் இழுங்கள். முடுக்கம் சுழியாக இருப்பதால் தராசு உராய்வை மட்டும் காட்டும்.

கேட்டவர்:
அவ்வாறே இழுத்துப் பார்த்தேன். முள் சற்று நடுங்கினாலும் 0.3-ஐ ஒட்டியே நின்றது. இருவருக்கும் மிக்க நன்றி.